பேலேகு காலத்தில் கண்டங்கள் பிரிந்தனவா?

பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 10:25-ஐக் காட்டி, ஏபேரின் மகன் பேலேகின் நாட்களில்தான் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தன என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

'பூமி பகுக்கப்பட்டது' என்று வசனம் சொல்வது சரி. பேலேகு என்ற பெயருக்கும் எபிரெயத்தில் பிரிவு என்றே பொருள். ஆனால் அந்த அதிகாரம் முழுக்க நோவாவின் சந்ததியார் ஜாதிகளாக, அதாவது தனித்தனி இனங்களாகப் பிரிந்த கதை. அடுத்த அதிகாரம் 'பூமியெங்கும் ஒரே பாஷை' என்று தொடங்கி பாஷை தாறுமாறான பாபேல் கோபுரக் கதைக்குப் போகிறது. அங்கே பாஷை பேசும் பூமி மண்ணா, மக்களா? சங்கீதம் 55:9-இல் எதிரிகளின் பாஷையைப் பிரிக்கும்படி வேண்டும் இடத்திலும் 'பகுக்கப்பட்டது' என்பதற்கு வரும் அதே எபிரெய வினைச்சொல்தான்.

அப்புறம், அவ்விரு கண்டங்கள் விலகத் தொடங்கியது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் விலகுகின்றன. பேலேகின் 239 வருட ஆயுளில் பத்து மீட்டர் தேறுவதே கடினம்.