‘எச்.ஐ.வி. இருந்தால் குழந்தை கூடாது’ என்பது தவறு

“எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது; குழந்தை பெறலாமா?” என்ற கோத்தகிரி தம்பதியின் கேள்விக்கு ஒருவர், “குழந்தைக்கும் நிச்சயம் வரும், கருத்தடை செய்துகொள்ளுங்கள்” என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். சிகிச்சையே எடுக்காவிட்டால்கூட 100-க்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான் தொற்றும். கருத்தரிக்கும் முன்பிருந்தே தாய் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், அது 1-க்கும் கீழே. எனவே முதல் வேலை, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை. இருவருக்கும் அந்த நிலை 6 மாதமாவது நீடித்த பிறகு, டாக்டரிடம் பேசிவிட்டு ஆணுறையை விடலாம்.

பலர் கோட்டைவிடுவது இரும்புச்சத்து மாத்திரையில்தான். வெறும் வயிற்றில் அதையும் ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிரையும் ஒன்றாக விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. கால்சியமும் அப்படியே. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். இல்லையேல் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள். கோத்தகிரி மலை ஊர்; மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். எனவே மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணியின் ஒப்புதல் இல்லாமல் கருக்கலைப்போ கருத்தடையோ செய்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடுக்கிறது.

பிறந்த குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப், குறைந்தது 6 வாரம். முதல் 6 மாதம் தாய்ப்பால் கொடுத்தால் அது மட்டும்தான்; இடையில் பசும்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம். குழந்தைக்கு 6-வது வாரத்தில் முதலாவது ரத்தப் பரிசோதனை, தொற்று உண்டா இல்லையா என்று 18-வது மாதத்தில் இறுதி உறுதி.