தூக்கமா, தியானமா?

மலேசியாவின் பினாங்கில், லெபோ பாசாரில் ஒரு பாத்திரக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே மரப்படி ஒன்று ஏறுகிறது. மேலே திரவியம் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோ. இந்திய விசாவுக்குச் சதுரப் படம் வேண்டுமென்று போயிருந்தேன். பிரிண்டர் ஏதோ கோபத்தில் இருந்தது. அது சமாதானமாகும் வரை மூலையில் உட்காரச் சொன்னார். அப்போதுதான் கோவிந்தன் படியேறி வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் இன்னொரு சட்டை. இனி அவர்கள் பேசட்டும்.

கோவிந்தன்: அண்ணே, பசியாறியாச்சா?

திரவியம்: ஆச்சு தம்பி. என்ன, கையில் சட்டையோடு வருகிறாய்? மாப்பிள்ளைப் படமா?

கோவிந்தன்: ஆலயத் தேர்தல் அண்ணே. தலைவர் பதவிக்கு நிற்கிறேன். நோட்டீசில் போட நல்ல படமாக ஒன்று வேண்டும். பார்த்தவுடன், ‘ரொம்பப் பணிவான மனிதர்’ என்று தோன்ற வேண்டும். அதே சமயம், இவரிடம் வாலாட்ட முடியாது என்றும் தெரிய வேண்டும்.

திரவியம்: ஒரே முகத்திலா?

கோவிந்தன்: அதற்குத்தான் இரண்டு சட்டை.

திரவியம்: உட்கார். முகவாயைத் தூக்காதே. ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கிறதே?

கோவிந்தன்: இதைப் பாருங்கள். ஆலயத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நேற்று ராத்திரியிலிருந்து சுற்றுகிறது.

(கைப்பேசியை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாதுதான். கண் மூடி, வாய் பாதி திறந்து, தலை இடப்பக்கம் சாய்ந்தபடி கோவிந்தன். படத்துக்குக் கீழே ‘இவரா விழித்திருந்து ஆலயத்தைக் காப்பார்?’ என்று ஒரு வரி. நல்ல வரி என்றுதான் எனக்குப் பட்டது. வாய் திறக்கவில்லை.)

திரவியம்: கூட்டத்தில் தூங்கிவிட்டாயா?

கோவிந்தன்: தூங்குவதாவது! நவராத்திரி பூசையில் பதிகம் பாடிக்கொண்டிருந்தேன் அண்ணே. உருகிப் பாடினால் கண் மூடாதா? உச்சத்துக்குப் போனால் வாய் திறக்காதா? சரியாக அந்த நொடியில் எவனோ பிடித்திருக்கிறான்.

திரவியம்: எவனோ இல்லை. நான்தான்.

கோவிந்தன்: நீங்களா!

திரவியம்: நவராத்திரிக்குப் படம் எடுக்க என்னைத்தானே கூப்பிட்டீர்கள்? நானூறு படம் எடுத்தேன். அதில் உன் முகம் பதினொன்று. பத்தில் கண் திறந்துதான் இருக்கிறாய். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க வந்தவர் உன் எதிராளி. எடுத்தது நான், எடுத்துக்கொண்டது அவர்.

கோவிந்தன்: அநியாயம் அண்ணே. முப்பது வருஷம் ஆலயத்துக்கு உழைத்தவனை ஒரு நொடியை வைத்து எடை போடுவதா?

திரவியம்: பாக் லாவை, அதுதான் பிரதமராக இருந்த அப்துல்லா படாவியை, நீ எத்தனை நொடியை வைத்து எடை போட்டாய்?

கோவிந்தன்: அவர் பிரதமர். அது வேறு.

திரவியம்: வேறுதான். 2004 தேர்தலின்போது இதே நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ‘நம்ம பாயான் லெப்பாஸில் பிறந்தவர் அண்ணே, சாது, கை சுத்தம்’ என்றாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘எல்லாப் பத்திரிகையிலும் போட்டிருக்கிறதே’ என்றாய். நாடே அப்படித்தான் சொன்னது. 219 இடத்தில் 198 அவருடைய தேசிய முன்னணிக்கு. நாலு வருஷம் கழித்து வந்தாய். ‘தூங்குமூஞ்சி அண்ணே’ என்றாய். எப்படித் தெரியும் என்றேன்.

கோவிந்தன்: அதுதான் படம் வந்ததே!

திரவியம்: எந்தப் பத்திரிகையில்?

கோவிந்தன்: பத்திரிகையா? அதெல்லாம் அப்போதும் அவரைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தது, யார் படித்தார்கள்? இன்டர்நெட்டில் வந்தது. மேடையில் கண் சொக்கி உட்கார்ந்திருப்பார். என் மகன் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

திரவியம்: அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருந்தது தம்பி. ராத்திரி படுத்தாலும் தூக்கம் தூக்கமாக இருக்காது. பகலில் கண் தானாகச் செருகும்.

கோவிந்தன்: அட பாவமே. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே?

திரவியம்: சொன்னார்கள். ‘தூங்கினார்’ என்றால் ஒரு சொல், சிரிப்பு வரும். நோய் என்றால் நாலு வரி, கொட்டாவி வரும். நீ எதை அடுத்தவருக்கு அனுப்பியிருப்பாய்?

கோவிந்தன்: ஆனாலும் அண்ணே, 2008இல் அடி விழுந்தது தூக்கத்தால் மட்டுமில்லை. விலைவாசி இருந்தது. 2007 நவம்பர் 25, நம் இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணி இருந்தது. நானே பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய்க் கண்ணீர்ப்புகை குடித்துவிட்டு வந்தவன். கண் எரிச்சல் அடங்குவதற்குள் டிவியில் செய்தி பார்த்தேன். நான் போன ஊரும் அவர்கள் காட்டிய ஊரும் ஒன்றுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

(இதை அவர் சொன்னபோது குரலில் விளையாட்டு இல்லை. திரவியம் அண்ணனும் விளக்கைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டார்.)

திரவியம்: ஒத்துக்கொள்கிறேன். பட்டவனுக்குப் படம் வேண்டாம். அந்தத் தேர்தலில் 222இல் 140தான். மூன்றில் இரண்டு பெரும்பான்மை போனது, பினாங்கு ஆட்சியும் போனது. இணையப் போரில் தோற்றோம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். சரி, நிமிர்ந்து உட்கார். தலையைத் தொடாதே.

கோவிந்தன்: முடி கலைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

திரவியம்: இருந்தால்தானே கலையும்? தலை என்றதும் ஞாபகம் வருகிறது. 1990 தேர்தல் தெரியுமா உனக்கு?

கோவிந்தன்: அப்போது எனக்கு இருபத்துமூன்று. நைட் ஷிப்ட். உலகமே தெரியாது.

திரவியம்: தெங்கு ரசாலி ஹம்சா எதிரணியில் நின்றார். வாக்களிப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் சபா மாநிலத்துக்குப் போனார். அங்கே கடாசான் மக்கள் மரியாதைக்கு அவர்களுடைய தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். சிகா என்பார்கள், துணியில் கோலம் நெய்திருக்கும். அதைப் படம் பிடித்து, நெற்றிக்கு மேலே இருக்கும் கோலம் சிலுவை மாதிரி இருக்கிறது பார் என்று பத்திரிகையிலும் டிவியிலும் காட்டினார்கள். முஸ்லிம்களான மலாய்க்கார வாக்காளர் வீட்டு வரவேற்பறைக்குள் அந்தப் படம் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் விளக்கம் சொல்வதற்குள் அக்டோபர் 20, 21 வந்துவிட்டது.

கோவிந்தன்: விருந்தாளிக்குத் தலைப்பாகை கட்டுவது தப்பா?

திரவியம்: தலைப்பாகை என்றுதான் கட்டினார்கள். தலையெழுத்தாகிவிட்டது. அதனால் மட்டும் தோற்றார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கழித்து எனக்கு அவர் பேசிய பேச்சு ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்தத் துணி ஞாபகம் இருக்கிறது.

கோவிந்தன்: என் நெற்றியில் விபூதி இருக்கிறதே, அண்ணே? எந்தப் பக்கமாவது எதையாவது மாதிரி தெரிகிறதா?

திரவியம்: வியர்வையில் இறங்கி, ஒரு பக்கம் அம்புக்குறி மாதிரி இருக்கிறது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசு.

(கோவிந்தன் கண்ணாடி முன்னால் போய் நின்று, மூன்று கோடும் இணையாக இருக்கிறதா என்று ஒரு பொறியாளரைப் போல அளந்தார்.)

கோவிந்தன்: இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

திரவியம்: ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரமாகப் படம் எடுத்துக் கொடுத்தேன். பேர் வேண்டாம். படம் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி. ஒரு தடவை ஒரு கட்சிக்காரரின் கூட்டம். இருநூறு நாற்காலி, அறுபது பேர். ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: முன்வரிசையை ஓரமாக நின்று நீள லென்ஸில் பிடி. அப்படிப் பிடித்தால் தலையோடு தலை ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ‘மண்டபம் நிரம்பி வழிந்தது’ என்று தலைப்பு. அடுத்த மாதம் அவருக்கும் எங்கள் முதலாளிக்கும் மனஸ்தாபம். இப்போது பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி, அகல லென்ஸில் எடு என்றார். ‘காற்று வாங்கிய கூட்டம்.’ அதே மண்டபம். அதே அறுபது பேர் என்றுகூடச் சொல்லலாம், பாதிப் பேர் சாப்பாட்டுக்காக வருகிறவர்கள்.

கோவிந்தன்: பச்சைப் பொய்!

திரவியம்: எது பொய்? ஒரு ஆளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டு படமும் நிஜம்.

கோவிந்தன்: ஆசிரியருக்கு மனசாட்சி வேண்டாமா?

திரவியம்: இருந்தது. உரிமமும் இருந்தது. 1984 அச்சகச் சட்டப்படி வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012இல்தான் அந்த வருஷக் கணக்கை எடுத்தார்கள். 1987 அக்டோபரில் ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்று பத்திரிகையையும் மூடிவைத்து அடுத்த மார்ச்சில்தான் திறக்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அமைச்சர் கொட்டாவி விட்ட படம் ஒன்றை நான் நீட்டினால், எங்கள் ஆசிரியர் தன் வாயைப் பொத்திக்கொள்வார். போதாததற்கு முதலாளி வேறு. ஒவ்வொரு பத்திரிகைக்குப் பின்னாலும் ஓர் ஆளும் கட்சி: உத்துசான் பின்னால் மலாய்க்காரர்களின் அம்னோ, ஸ்டார் பின்னால் சீனர்களின் ம.சீ.ச., தமிழ் நேசன் பின்னால் இந்தியர்களின் ம.இ.கா. தலைவர் குடும்பம். யார் முகம் எந்தப் பக்கத்தில் சிரிக்கும் என்பது கடையில் பேப்பர் வாங்கும்போதே தெரிந்த விஷயம்தானே?

கோவிந்தன்: அப்படியானால் படம் எப்போதும் பெரிய ஆளுக்குத்தான் வேலை செய்யும்.

திரவியம்: அப்படியும் சொல்ல முடியாது. 1998 ஞாபகப்படுத்திக்கொள். துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வாரைப் பற்றி டிவியும் பத்திரிகையும் வாரக்கணக்கில் காது கூசும்படி சொல்லிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 29 நீதிமன்றத்துக்கு வந்தார். ஒரு கண் கறுத்து வீங்கியிருந்தது, ஒரு கையை உயர்த்தியிருந்தார். ஒரே படம். அத்தனை நாள் அச்சடித்த தலைப்புகளை அது ஒன்றே தின்றுவிட்டது. காவலில் அவரை அடித்தவர் போலீஸ் படைத் தலைவரே என்று அப்புறம் விசாரணையில் வந்தது. அவர் கட்சிச் சின்னத்தைப் பார், இன்றைக்கும் கண்தான்.

(கோவிந்தன் யோசித்தார். அந்த யோசனை எங்கே போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.)

கோவிந்தன்: அண்ணே... மேக்கப்பில் கண்ணைக் கொஞ்சம் கறுக்க வைக்க முடியுமா?

திரவியம்: கீழே படியில் தடுக்கி விழுந்தான் என்பார்கள். அன்வாருக்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கோவிந்தன்: அன்னதானக் கணக்கு இருக்கிறது.

திரவியம்: என்ன கணக்கு?

கோவிந்தன்: நான்தானே மூன்று வருஷமாகப் பொருளாளர்? கணக்கு இன்னும் கூட்டத்தில் வாசிக்கவில்லை. தப்பு ஒன்றும் இல்லை அண்ணே, ரசீதெல்லாம் ஒரு மைலோ டின்னில் பத்திரமாக இருக்கிறது. கரப்பான் கொஞ்சம் கடித்திருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம்வரை குழுவில் தினம் இதையே கேட்டு உயிரை வாங்கினார்கள்.

திரவியம்: இந்த வாரம்?

கோவிந்தன்: இந்த வாரம் எல்லோரும் என் வாயைப் பற்றித்தான்... (நிறுத்தினார். முகம் மெல்ல மலர்ந்தது.) அட, நேற்றிலிருந்து கணக்கை ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே!

திரவியம்: அசையாதே!

(பிளாஷ் மின்னியது.)

திரவியம்: இதுதான் உன் நோட்டீசுப் படம். பணிவும் இருக்கிறது, வாலாட்ட முடியாது என்பதும் இருக்கிறது.

கோவிந்தன்: உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன் அண்ணே. அந்தத் தூக்கப் படத்தை அழிக்கச் சொல்லலாம் என்று வந்தேன். இருக்கட்டும், தேர்தல் வரைக்கும் சுற்றட்டும். சரி, எதிராளியின் முகம் உங்களிடம் எத்தனை இருக்கிறது?

திரவியம்: பதினாலு. ஒன்றில் பிரசாதப் பொங்கல் வாயில் இருக்கிறது.

கோவிந்தன்: கன்னம் உப்பியிருக்கிறதா?

திரவியம்: இரண்டு பக்கமும். தலைப்புகூட யோசித்துவிட்டாய் போல.

கோவிந்தன்: ‘ஆலயச் சொத்தைச் சாப்பிடுவது யார்?’ ஒரு கேள்விதான் அண்ணே. நான் யாரையும் சொல்லவில்லையே.

திரவியம்: முன்பெல்லாம் இதற்கு ஆசிரியர் வேண்டும், முதலாளி வேண்டும், உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். தமிழ் நேசன் 1924இல் பிறந்து 2019இல் மூடிவிட்டது. இப்போது அவ்வளவு பேரின் வேலையையும் நீ ஒருத்தனே கட்டைவிரலில் பார்க்கிறாய். நோட்டீசுப் படம் பதினைந்து வெள்ளி. பொங்கல் படம் தர மாட்டேன்.

கோவிந்தன்: அவருக்கு மட்டும் கொடுத்தீர்கள்?

திரவியம்: அவர் ஆல்பத்துக்கு என்று கேட்டார். நீ உண்மையைச் சொல்லிவிட்டாய்.

(என் விசாப் படத்தைப் பிரிண்டர் ஒருவழியாகத் துப்பியது. நான் அதில் தேடப்படும் குற்றவாளியைப் போல இருந்தேன். எந்த லென்ஸ் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கோவிந்தன் காசை எண்ணிக் கொடுக்கும்போது அவர் கைப்பேசி கிணுங்கியது.)

கோவிந்தன்: இதோ பாருங்கள், யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு எம்.பி., கண்ணை மூடிக்கொண்டு, தலை தொங்கி...

திரவியம்: தூங்குகிறாரா?

கோவிந்தன்: இருங்கள் அண்ணே, பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

திரவியம்: கண்ணையா?

கோவிந்தன்: சட்டையில் குத்தியிருக்கும் சின்னத்தை. எந்தக் கட்சி என்று தெரிந்தால்தானே தூக்கமா தியானமா என்று சொல்ல முடியும்?