நன்கொடை வாங்கினால் அரசுத் தொகை நிற்காது

"ஊர்க்காரர்கள் திரட்டிய நன்கொடையை வாங்கினால் புதுமைப் பெண் பணம் நின்றுவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. புதுமைப் பெண் என்பது உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்குத் தமிழக அரசு மாதாமாதம் பணம் தரும் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், வேறு கல்வி உதவித்தொகை பெறும் மாணவியும் மாதம் 1,000 ரூபாய் பெறலாம் என்று அரசே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழியில். பணம் நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான்.

மத்திய அரசின் சில உதவித்தொகைகளில், ஒரே நேரத்தில் இரண்டைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. அந்தக் குழப்பத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

அந்தப் பதிவைப் படித்துவிட்டு எத்தனை பெற்றோர் பயந்திருப்பார்கள்! ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு தாய், மகளைச் சேலம் கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் சேர்க்கிறார் என்று வையுங்கள். மாதம் 1,000 ரூபாயில் விடுதிச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம், மலையேறி இறங்கும் பஸ் செலவு எல்லாம் அடங்குமா? அந்தக் குறையை நிரப்பத்தான் கொலுசுப் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் இந்த நன்கொடைக்குப் பணம் போடுகிறார்கள். பயந்துபோய் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். எழுதியவர் தயவுசெய்து தன் பதிவைத் திருத்த வேண்டும்.