காய்கறிப் பைக்குள் ஒரு கேமரா

பத்திரிகையில் இரவு ஷிப்ட் என்றால் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. 2019 ஆகஸ்டில் அந்த நாற்காலியில் நான் இருந்தேன். காஷ்மீரிலிருந்து படங்கள் வரும். கல்லெறியும் இளைஞர்கள், கண்ணீர்ப்புகை, முள்கம்பிச் சுருள். புகை அதிகம் தெரிகிற ஒன்றை எடுத்து மூன்று பத்தி அகலத்துக்கு வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தப் படம் என் திரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கியபோது அங்கே செல்போன், லேண்ட்லைன், இணையம் எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள். அப்புறம் படம் மட்டும் எப்படி வந்தது?

2020 மே மாதம் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் தார் யாசின், முக்தார் கான், சன்னி ஆனந்த் மூவருக்கும், பத்திரிகைத் துறைக்கான அமெரிக்காவின் புலிட்சர் பரிசை அறிவித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்ரீநகரில் யாசினும் கானும் காய்கறிப் பைக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். சாலைத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போய், சில நேரம் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் ஒதுங்கி, படம் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை அனுப்ப வழி கிடையாது. அதனால் விமான நிலையத்துக்குப் போய், கிளம்பும் பயணிகளிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, படக் கோப்புகளை டெல்லி அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பயணிகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். யாரென்றே தெரியாத ஒருவர் கொடுப்பதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள எவ்வளவு மனசு வேண்டும்! அவர்கள் பெயர் எந்தப் படத்தின் கீழும் வராது.

இன்னொன்று. இந்தப் புகைப்படக்காரர்களுக்கு அது சொந்த ஊர். நாள்கணக்கில் வீட்டுக்குப் போக முடியாமல், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லக்கூட வழியில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் வேலை முடிந்தால் விமானம் ஏறிவிடலாம். இவர்களுக்குப் படம் எடுக்கிற தெருவும் ரொட்டி வாங்குகிற தெருவும் ஒன்றுதான்.

சரி, மோதல் படம் மட்டும்தான் படமா? ஸ்ரீநகரைச் சேர்ந்த புகைப்படக்காரர் சன்னா இர்ஷாத் மாட்டூவின் படம் ஒன்று இருக்கிறது. அனந்த்நாக் மாவட்டத்துக் காட்டுப் பகுதியில் ஆட்டிடையர் ஒருவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்கிறார். கல் இல்லை, துப்பாக்கி இல்லை. 2022-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவுக்குப் புலிட்சர் வாங்கித்தந்த கொரோனா படங்களில் அதுவும் உண்டு. என் திரைக்கு அது வந்திருந்தால் ‘இதில் செய்தி இல்லை’ என்று தள்ளியிருப்பேன். இதை எழுதும்போதே கூசுகிறது. அந்தப் பரிசை வாங்க அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கிளம்பியவரை, விசாவும் டிக்கெட்டும் கையில் இருந்தும், டெல்லி விமான நிலையத்தில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு அது இரண்டாவது முறை.

அதே குழுவில் இருந்தவர் டேனிஷ் சித்திக்கி. 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். போர்முனையில் இறந்த அவருக்கு மறைவுக்குப் பின் கிடைத்த பரிசு, டெல்லியின் சுடுகாட்டையும் ஆஸ்பத்திரியையும் படமெடுத்ததற்காக.

பத்திரிகை டெஸ்க்கில் பக்கம் தயாரிக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போடுங்கள். ‘ஏஜென்சி’ என்று போட்டுக் கடந்துவிடாதீர்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைக் கேட்டபோது, இடமில்லை என்றார்கள். ஆறு பாயிண்ட் பொடி எழுத்தில் ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டும்.