பாசி பூத்த தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள்

"கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது." நீலகிரியில் படுகர் ஊரான ஹட்டி, எஸ்டேட் லைன் வீடு என்று எங்கே போனாலும் இதுதான் பேச்சு. பேதிக் கிருமிக்கு அது சரி. குட்டை ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போல ஒதுங்கிக் கிடக்கும் நீலப்பச்சைப் பாசிக்குச் சரியே இல்லை. அந்தப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள்ளேதான் இருக்கும். கொதிக்க வைத்தால் செல் உடைந்து நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். நஞ்சோ சூட்டில் அழியாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அடி விழுவது கல்லீரலுக்கு.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்தான். உருளைக்கிழங்குக் கருகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கிற ஊரில் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. "பாசிதானே, ஒரு கைப்பிடி போடு" என்று தூவினால், பாசி மொத்தமாகச் செத்து நஞ்சு மொத்தமாக வெளியே வரும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைக்குக் காப்பர் சல்பேட் போட்ட சில நாட்களில் 148 பேர் கல்லீரல் வீங்கிப் படுத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பாசி பூத்த தண்ணீரில் நேராக பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் இதே கதைதான்.

சந்தேகமா? கையுறை போட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே பச்சை ஏடு கட்டியிருந்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பாசியாக இருக்கலாம். நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். அதுவரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், மாட்டுக்கும் நாய்க்கும் காட்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஆயுள் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கு வைத்திருக்கும் மைக்ரோசிஸ்டின் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான்.

வேறு வழியே இல்லாத ஊருக்கு, வரிசைதான் முக்கியம். உறிஞ்சும் பைப்பைப் பாசி ஒதுங்கும் கரையிலிருந்து தள்ளி, மேல்மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். படிகாரத்தில் தெளிய வைத்து மணல் வடிகட்டியில் விட்டு, செல்லை உடையாமல் எடுத்த பிறகே குளோரின். அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும், பிஎச் (தண்ணீரின் புளிப்பு-கார அளவு) 8க்குக் கீழே இருக்க வேண்டும். நம் மலைத் தண்ணீரின் புளிப்பு போகச் சுண்ணாம்பு போடுவதானால் குளோரின் வேலை முடிந்த பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டு பிஎச் ஏறினால் நஞ்சை உடைக்கக் குளோரினுக்கு வலு போதாது.

வீட்டு கேண்டில் ஃபில்டரும் யுவியும் கரைந்த நஞ்சை நிறுத்தாது. ஆர்ஓவும் கரி ஃபில்டரும் பெருமளவு குறைக்கும், அதுவும் கரி பழசாகாமல் இருந்தால்.

கேரட் மேட்டில் போட்ட டிஏபி உரம், கோடை மழையில் மண்ணோடு குட்டைக்கு இறங்குகிறது. பிறகு நாலு நாள் நல்ல வெயில், காற்றில்லை என்றால் பாசி பூத்துவிடும். வயலுக்கும் குட்டைக்கும் நடுவே நாலைந்து மீட்டர் புல்லை உழாமல் விடச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள், இந்தக் கோடை மழைக்கு முன்பே.