வீட்டுத் திட்டம் வருகுதா? பள்ளிக்கூடக் காணியை முதலில் கேளுங்கள்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சின்னப் பிள்ளை உள்ள குடும்பம் வீடு தேடினால், வாடகைக்கு முன்னரே பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கும். முதலாம் தர அனுமதியில் பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு. வரைபடத்தில் வட்டம் கீறி, வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். காணி உறுதி, வாக்காளர் இடாப்பு எல்லாம் கோவையில் அடுக்குவோம். கொழும்பில் எங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மலையகத் தோட்டமொன்றில் 100 வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் வைக்கும்போது மட்டும், பிள்ளைகள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்) என்றால் 100 வீட்டுக்கு 700 பேர்ச்சஸ், அதாவது 4 ஏக்கர் 60 பேர்ச்சஸ். பாதை, கான், தண்ணீர்த் தொட்டி சேர்ந்தால் ஐந்தரை ஏக்கருக்குக் குறையாது. அந்த வரைபடத்தில் பள்ளிக்கூடத்துக்குத் துண்டு கீறாவிட்டால் பிறகு கிடைக்கவே கிடைக்காது. கொடுத்த வீட்டுக் காணியைத் திருப்பி வாங்க முடியாது, மிச்சத் தேயிலையைத் தோட்டம் விடாது. நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் பாதை நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். அதே அளவைத் தோட்டத்திலும் பிடித்தால் 70, 80 பேர்ச்சஸ் தேறும். ஒரு முன்பள்ளியும் சின்ன விளையாட்டிடமும் அதற்குள் அடங்கும். பள்ளிக்கூடத்துக்கு அது காணாது. 400 மீற்றர் ஓட்டப் பாதைக்கு மட்டுமே நாலு ஏக்கர் வேண்டும். அதை விட்டாலும், இரண்டு ஏக்கரில் இரண்டு கட்டிடம், மலசலகூடம், காலைக் கூட்டத்துக்கு ஒரு முற்றம், ஆசிரியர் விடுதி என்று முடிந்துவிடும். அந்த விடுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தூரத்திலிருந்து வரும் கணித ஆசிரியர் தங்க இடமில்லாவிட்டால் இடமாற்றக் கடிதத்தோடுதான் நாளை எண்ணுவார்.

அளவு மட்டும் போதாது, சரிவையும் பார்க்க வேண்டும். வழமையான 100 அடிக்கு 25 அடிக் கட்டிடத்தில் ஐந்து வகுப்பறை. விறாந்தையும் பின்கானும் சேர்த்தால் 40 அடி அகலத்துக்குச் சமதரை தேவை. 20 பாகைச் சரிவில் 40 அடிக்கு நிலம் ஏறத்தாழ பதினாலரை அடி இறங்கும். செலவைக் குறைக்க மேற்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி மட்டமாக்குவார்கள். அப்போது வகுப்பறையின் ஒரு பாதி இறுகிய பழைய மண்ணிலும் மறு பாதி இளகிய புதிய மண்ணிலும் நிற்கும். மழைக்காலங்கள் போகப் போகப் புதிய மண் அமிழும். சீமெந்துத் தரையின் நடுவே கட்டிடத்தின் நீளத்துக்கு ஒரு கோடு ஓடும், கதவு நிலை இறுகும். பின்னால் உள்ள தாங்கு மதிலில் தண்ணீர் வடியத் துளை வைக்காவிட்டாலோ, வைத்த துளை மண்ணடைத்தாலோ மதில் வயிறு தள்ளும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கசியும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் வகுப்பை வெளியே எடுத்துவிட்டுத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது, பள்ளிக்கூடம் போயிருந்ததால்தான் பல பிள்ளைகள் தப்பினார்கள். பள்ளிக்கூடமும் அதே சரிவில் இருந்திருந்தால்?

அடுத்தது உரித்து. தோட்டப் பள்ளிக்கூடங்களை 1977க்குப் பிறகு அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கட்டிடத்தை ஏற்றதோடு பல இடங்களில் காரியம் நின்றுவிட்டது, காணியை அளந்து எல்லைக்கல் நடவில்லை. காணி அரசினுடையது, ஜனவசம என்ற அரச தோட்டச் சபையின் அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கும், 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம். ஆகவே ஒரு வகுப்பறைக்குப் பணம் வந்ததும் "இது தோட்டக் காணி" என்ற ஒரே வசனத்தில் வேலை நிற்கும். கடிதப் போக்குவரத்து முடியும் முன் டிசம்பர் 31 வந்துவிடும், செலவழியாத ஒதுக்கீடு அன்றோடு போய்விடும்.

கொழும்பிலிருந்து மலையகப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டிடம் கட்டிக் கொடுக்கும் சங்கங்களுக்கு இதை வணக்கத்தோடு சொல்கிறேன். கல் நடுவதற்கு முதல் நில அளவை வரைபடம், பிரதேச செயலாளரின் கடிதம், தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம், மண்சரிவு அறிக்கை நாலையும் வலயக் கல்விப் பணிமனை மூலம் கேட்டு வாங்குங்கள். அந்த நாலில் ஒன்று இல்லாவிட்டால், கட்டிடத்துக்குச் சேர்த்த காசில் ஒரு பங்கை அளவைக்கும் எல்லைக்கல்லுக்கும் கொடுங்கள். நாடா வெட்டும் படம் வராது, ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சிறிய பாடசாலைகளை மூடும் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டில் 50 பிள்ளைகளுக்குக் குறைந்த அரசாங்கப் பாடசாலைகள் ஆயிரத்துக்கும் மேல். கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லையில் வரைபடத்தை விரித்தால் அடுத்த பாடசாலை இரண்டு கிலோமீற்றர்தான். தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஆற்றைச் சுற்றிக் கீழ்ப் பிரிவுக்கு நடந்தால் அது ஐந்தாகும். காலை 7.30க்கு மணி அடிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வயதுப் பிள்ளை எத்தனை மணிக்கு இறங்க வேண்டும்? வேன் காசு உள்ளவர்கள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், பிறகு குடும்பத்தோடு டவுனுக்கே போய்விடுவார்கள். மிஞ்சும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டி மூடுவது இன்னும் சுலபமாகிவிடும். 1990இல் யுத்தத்தால் மக்கள் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகும் இதே கேள்விதான் நின்றது. பள்ளிக்கூடம் நடக்காத ஊருக்குச் சின்னப் பிள்ளைகளோடு யார் திரும்புவார்கள்?

ஐந்தாம் தரம் வரையாவது அந்தந்த இடத்திலேயே நடத்தலாம். இரண்டு தரத்தைச் சேர்த்துக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற இரண்டு மூன்று ஆசிரியர்கள் போதும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கட்டிடத்தை முன்பள்ளிக்கோ வாசிகசாலைக்கோ கொடுத்து, காணியைக் கல்வித் திணைக்களத்தின் பெயரிலேயே வைத்திருங்கள். பத்து வருடத்தில் பக்கத்து மலையில் 100 வீடு எழும்பும்போது அந்த இரண்டு ஏக்கரைத் தேடி அலைய நேரும்.