கானாவில் வெளிநாட்டவர் ராஜாவாகிவிட்டாரா?

கென்டே என்ற கானாவின் பாரம்பரிய நெசவுத் துணியைப் போர்த்தி, குடை நிழலில் அமர்ந்திருக்கும் ஒரு வெளிநாட்டவரின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவர் கானாவில் அரசராகிவிட்டார், நிலமும் குடியுரிமையும் கிடைத்துவிட்டன என்கிறது அதன் கூடவே வரும் செய்தி. இது தவறு.

கானாவில் வாழும் அசாந்தே இன மக்களிடம் 'ங்கோசுவோஹெனே' என்றொரு பட்டம் உண்டு. 'வளர்ச்சித் தலைவர்' என்று பொருள். 1985-இல் அசாந்தே மன்னர் இரண்டாம் ஒபோக்கு வாரே இதை ஏற்படுத்தினார். பள்ளிக்கூடம், கிணறு, மருத்துவமனை என்று ஊருக்கு உதவுகிறவர்களுக்கு, வெளிநாட்டு நண்பர்களுக்கும்கூட, தரப்படும் மரியாதை அது. மேளம், கென்டே, ஒரு முக்காலி (அங்கே தலைமையின் அடையாளம், நம் சிம்மாசனம் போல) எல்லாம் இருக்கும். ஆட்சி அதிகாரம் மட்டும் இருக்காது.

உண்மையான தலைவர் யார் என்பதை கானாவின் 1992 அரசியல் சாசனம், 277-ஆம் பிரிவில் சொல்கிறது: உரிய குடும்பத்தில், உரிய வம்சத்தில் வந்தவராக இருக்க வேண்டும். அசாந்தேயில் அந்த வம்சம் தாய்வழி. அரசன்னைதான் பெயரை முன்மொழிவார். மன்னராட்சியின் உயிரான தங்க முக்காலியில் அசாந்தே மன்னரே உட்கார மாட்டார், அவ்வளவு புனிதம்! 1900-இல் அதைக் கேட்ட பிரிட்டிஷ் ஆளுநரால் போரே மூண்டது.

சரி, நிலம்? வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 50 ஆண்டு குத்தகைதான் (பிரிவு 266). குடியுரிமை தருவது அரசாங்கம், பட்டம் அல்ல.

சாசனம் இணையத்திலேயே கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். நட்புக்காகக் கொடுத்த மரியாதையை இப்படித் திரித்தால் அந்த மக்களுக்குத்தான் மனம் நோகும். தயவுசெய்து இனி இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.